டேங்க் மூடியில் வைத்த பொட்டு

சங்கரன்கோவில் டிப்போவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மூன்று வாரமாக ஆண்கள் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாத டிராக்டர் கோளாறை, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு பெண் தலையில் இருந்த ஹேர்பின்னை உருவிச் சரி செய்துவிட்டாளாம். கதை உண்மைதான். ஒரே ஒரு விவரம் மட்டும் அதில் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த விவரம் இல்லாமலே கதை நன்றாக ஓடியது. நானும் ஓட விட்டேன்.

போன மாதம் டிப்போவுக்குப் புதிதாக இரண்டு டிராக்டர்கள் வந்திருக்கின்றன. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திரை. என்ஜினுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதில் ஓர் எண் வந்து நிற்குமாம். அங்கே மெக்கானிக்காக இருக்கும் சுகன்யா போனில் கூப்பிட்டாள்.

"மேடம், இப்ப என்ன கோளாறுன்னு வண்டியே சொல்லிருது. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படித்தான் கண்டுபிடிச்சியளோ! அந்த ஹேர்பின் கதைய எழுதித் தாங்க. சங்கத்து மலர்ல போடுதோம்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு வருகிற, யாராவது எதையாவது கேட்டால் உடனே ஒப்புக்கொள்கிற வியாதி எனக்கும் வந்துவிட்டது.

சங்கம் என்றால் விவசாயிகளுக்கு டிராக்டர் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கம். அதன் வண்டிகள் நிற்கும் இடம்தான் டிப்போ. என் அப்பா அங்கே எழுத்தராக இருந்தார். வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். வீட்டில் அம்மா, படிக்கிற இரண்டு தம்பிகள். வாரிசு வேலை எனக்குக் கிடைத்தது. நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். ஆகவே என்னை ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராகப் போட்டார்கள். அப்போது காலியாக இருந்தது அந்த இடம்தான். முதல் ஆறு மாதத்தில் ஏதாவது குற்றம் குறை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் மாதம் கழற்றிப் போட்ட பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினேன். இரண்டாம் மாதமும் கழுவினேன். மூன்றாம் மாதம் ஃபோர்மேனின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது.

ஃபோர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இருபது வருஷம் என்ஜின்களுக்கு நடுவே இருந்தும் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு வண்டி வந்தால் தொடமாட்டார். முதலில் ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு நிமிஷம் ஆகும். அதுவரை யாரும் இருமக்கூடக் கூடாது. பிறகு கண்ணைத் திறந்து, "ம்" என்பார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் தைரியம் டிப்போவில் யாருக்கும் இல்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்பது என் பிற்காலத்துச் சந்தேகம்.

அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. டிராக்டருடன் வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. அதனால், "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். ஏ பிள்ள, நீ வாசி, கேப்போம்" என்றார். அந்தக் கண்ணாடி அவர் ஓய்வு பெறும் வரை வீட்டிலேயேதான் இருந்தது. தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்பவர் போலத் தலையாட்டுவார்.

என்ஜின் எப்படி ஓடுகிறது என்று நான் கற்றது அப்படித்தான். காற்றை உள்ளே இழுக்கும். இழுத்ததை நசுக்கும். நசுக்குகிற வேகத்தில் காற்று கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெடித்த வேகத்தில் பிஸ்டன் கீழே போகும், பிறகு புகையை வெளியே தள்ளும். மறுபடி இழுக்கும். இவ்வளவு வேலையை ஒரு நொடியில் பல தடவை, முணுமுணுக்காமல் செய்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மையிலேயே அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அவசரமும் வருமே. பம்ப், நாசில், வால்வு என்று பெரிய இடங்களுக்குப் போகும் அவசரத்தில், டீசல் டேங்க் மூடியைப் பற்றிய ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். மூடிக்கெல்லாமா ஒரு பக்கம்? போகிற வழியில் இருக்கிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் போய்ச் சேர முடியுமா?

அண்ணாச்சிக்கு இன்னொரு பழக்கம். வழியில் நின்றுபோன வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் சுவரில் நீலப் பெயிண்டில் ஒன்பது கட்டளைகள் எழுதி வைத்திருந்தார். டிரைவர்கள் அதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். ஒன்று: டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசல் இருக்கிறதா பார். இரண்டு: ஃபில்டரைப் பார். மூன்று: குழாயில் புகுந்த காற்றைக் கை பம்ப் அடித்து வெளியேற்று. இப்படியே ஒன்பது வரை போகும். இந்த முதல் கட்டளையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரே பெண் நான். ஆகவே சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூட நம்பிக் கொடுக்காதவர்கள், அன்றைக்கு எல்லா வண்டிகளையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டிப்போவிலேயே பழைய டிராக்டருக்கு முதல் பொட்டு. விளக்கு இரண்டிலும் வைத்தேன். ரேடியேட்டரில் வைத்தேன். அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

"டேங்க் மூடியில ஒண்ணு வையி பிள்ள. டிரைவர் எந்நேரமும் பாக்குத இடம் அதுதான். போன வருசம் வச்சது காட்டுக்குப் போன அன்னைக்கே உதிந்து போச்சு. இந்த வருசமாவது நிக்கும்படியா வையி."

நிற்கும்படி என்று சொன்னதால் நான் மூளையைச் செலவழித்தேன். ஆபீசுக்குள் போய், தபால் ஒட்டும் கோந்தைக் கொஞ்சம் எடுத்துவந்து சந்தனத்தில் குழைத்தேன். மூடியின் நடுவே ரூபாய் அளவுக்கு அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். சங்கச் செயலாளர் பூசணிக்காய் உடைக்க வந்தபோது அந்தப் பொட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, அம்மன் நெற்றி மாதிரி இருக்கே" என்றார். சங்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மூன்றாம் நாள் வண்டி நின்றது.

அந்தப் பழைய வண்டியின் டிரைவர் மாடசாமி. பனவடலிசத்திரத்துக்காரர். அப்போது நாற்பது வயது இருக்கும். எட்டு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். அந்தக் கார்த்திகையில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். புரட்டாசி மழை பெய்து, திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டு நிலமெல்லாம் பதமாக இருந்த நேரம். ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். விவசாயச் சம்சாரிகள் முறை போட்டுக் காத்திருந்தார்கள். வண்டியோ நாற்பது நிமிஷம் உழும், பிறகு மூச்சுத் திணறி நிற்கும். மாடசாமி சுவரில் உள்ளபடி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். டீசல் இருக்கும். ஃபில்டரைப் பார்ப்பார். கை பம்ப் அடிப்பார். வண்டி கிளம்பிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிற்கும்.

டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தார். "ம்" என்றார். ஃபில்டர் மாற்றப்பட்டது. முற்றத்தில் அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. சிலேட்டில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதினோம். மறுநாள் காட்டில் நின்றது. அடுத்த வாரம் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினார்கள். "சரி செய்யப்பட்டது." மறுநாள் நின்றது. மூன்றாம் வாரம் பம்ப். சிலேட்டில் எழுத இடமே இல்லாத அளவுக்கு அந்த வண்டி சரி செய்யப்பட்டிருந்தது.

செயலாளர் படித்தவர். காரணகாரியத்தோடு யோசிப்பவர். டிப்போவில் ஓடுகிற வண்டி காட்டில் நின்றால், கோளாறு வண்டியில் இல்லை, காட்டுக்குக் கூட்டிப் போகிற ஆளிடம் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். மாடசாமி டீசலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை, விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கம் என்று மெமோ கொடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, நீ அந்த வண்டியில ஏறிப் போ. எத்தன மணிக்கு ஓடுது, எத்தன மணிக்கு நிக்குது, ஒண்ணு விடாம எழுதிட்டு வா. மாடசாமி கையில என்ன வச்சிருக்கான்னும் பாரு" என்றார். நான் வேவு பார்க்க அனுப்பப்படுகிறேன் என்பது மாடசாமிக்கும் தெரிந்திருந்தது.

"ஏறு தங்கச்சி. மட்கார்டக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. டீசலக் குடிக்கணும்னா உன்ட்ட சொல்லிட்டுக் குடிக்கேன்" என்றார்.

வண்டிக்குப் பின்னால் மாட்டிய ஒன்பது கொழுக் கலப்பை கருப்பு மண்ணில் இறங்கி உழ ஆரம்பித்தது. என் மடியில் நோட்டும் இங்கிலீஷ் புத்தகமும். டேங்க் நிறைய டீசல். முப்பத்தைந்தாம் நிமிஷம் என்ஜின் சத்தம் இளைத்தது, பிறகு விக்கியது, பிறகு நின்றது. வரப்பில் நின்ற சம்சாரி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாடசாமி மூடியைத் திறந்தார், குச்சி விட்டார், கை பம்ப் அடித்தார். கிளம்பியது. அடுத்த முறை ஐம்பது நிமிஷம் ஓடியது. அதற்கடுத்த முறை ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நோட்டைப் பார்த்தேன். டீசல் குறையக் குறைய வண்டி அதிக நேரம் ஓடுகிறது. டீசல் திருடுகிறவன் வண்டி இப்படி ஓடுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான்காவது தடவை நின்றபோது என்ஜின் சத்தம் இல்லை, காற்றும் இல்லை. மாடசாமி மூடியைத் திருகினார். அப்போது எனக்குக் கேட்டது. "உஸ்" என்று ஒரு சின்னச் சத்தம்.

"அண்ணே, இப்ப என்னமோ சத்தம் வந்துச்சே?"

"அது டெய்லி வாரதுதான். சோடா ஒடைக்கதுபோல."

சோடாவில் காற்று வெளியே வரும். இங்கே காற்று உள்ளே போயிருக்கிறது. பலசரக்குக் கடையில் எண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுவார்கள். ஒன்று எண்ணெய் வெளியே வர, இன்னொன்று காற்று உள்ளே போக. இரண்டாவது ஓட்டை இல்லாவிட்டால் எண்ணெய் விக்கி விக்கி நின்றுவிடும். புத்தகத்தைப் புரட்டினேன். நான் விட்டுவிட்டுப் போன அந்தப் பக்கம். மூடியின் நடுவே காற்றுப் போக ஒரு நுண்துளை உண்டு, அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இரண்டே வரி.

மூடியை வாங்கிப் பார்த்தேன். நடுவே சந்தனம். மூன்று வார வெயிலிலும் தூசியிலும் ஒரு விரிசல் இல்லாமல் சிமெண்டுப் பூச்சு போல நின்றது. நிற்கும்படிதான் வைத்திருந்தேன். அதில் என் கட்டைவிரல் ரேகைகூட இருந்தது.

எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. சுவரில் எழுதிய முதல் கட்டளைதான் ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பிழைக்க வைத்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் காற்று போய், வண்டி குணமாகிவிடும். அதற்கப்புறம் நாங்கள் செய்த எட்டு வைத்தியமும் ஆரோக்கியமான வண்டிக்குச் செய்தவை. முற்றத்தில் சும்மா ஓடும்போது டீசல் அதிகம் செலவாகாது, அதனால் நிற்கவில்லை. டேங்க் நிறைய டீசல் இருந்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம், அது சீக்கிரம் போதாமல் போகும், அதனால் சீக்கிரம் நின்றது.

ஹேர்பின்னை உருவிச் சந்தனத்தைச் சுரண்டினேன். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை வெளியே தெரிந்தது. மாடசாமி என் கையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். சாயங்காலம் வரை வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. சம்சாரி எனக்கு ஒரு மடி நிறைய வெள்ளரிக்காய் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. செயலாளர் அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி, மாடசாமி, நான் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"என்னம்மா கண்டுபிடிச்சே?"

"டேங்க் மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்துச்சு சார்."

"எதனால அடைச்சுது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "தூசி சார். கரிசக்காட்டுத் தூசி. சனியன், ஒட்டுனா விடாது."

அவருக்கு விஷயம் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அந்த மூடியை அவர் கையில்தான் கொடுத்தேன். துளையைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் இன்னும் இருந்தது. அதற்குக் கண்ணாடிகூட வேண்டியதில்லை. பொட்டு வைக்கச் சொன்னவர் அவர். அம்மன் நெற்றி என்று பாராட்டியவர் செயலாளர். நிற்கும்படி வைத்தவள் நான்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "தூசி துடைக்கிறது யார் வேலை?"

பதில் எல்லாருக்கும் தெரியும். தினமும் வண்டியைத் துடைப்பது டிரைவர் வேலை.

மாடசாமி என்னைப் பார்த்தார். ஒரே தடவைதான். "சார், அது நான் வைத்த சந்தனம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அம்மா இருந்தார், தம்பிகள் இருந்தார்கள், ஆறு மாதம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. காரணத்துக்குக் குறைவில்லை. காரணம் இல்லாத கோழையை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை.

திருட்டுப் பேச்சு போய்விட்டது, வேலையும் போகவில்லை. ஆனால் "பராமரிப்பில் அலட்சியம், கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்" என்று மாடசாமியின் கோப்பில் ஏறியது. எச்சரிக்கை உள்ள ஆளை எப்படி நிரந்தரம் ஆக்குவது? இரண்டு வருஷம் தள்ளிப் போட்டார்கள். அதே நாளில் எனக்கு, கூர்ந்த மதியால் கோளாறைக் கண்டறிந்ததற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ். செயலாளர் கையெழுத்தோடு வந்தது. பின்னால் மெக்கானிக் பதவி உயர்வுக்கும் அதுதான் எனக்கு உதவியது. அடுத்த வாரம் சுவரில் பத்தாவதாக ஒரு கட்டளை இருந்தது: "டேங்க் மூடியின் துளையைத் தினமும் துடைக்கவும்." யார் எழுதியது என்று அண்ணாச்சியிடம் நான் கேட்கவில்லை. எதனால் எழுதினீர்கள் என்றும் கேட்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கும் கிண்ணத்தை என்னிடம்தான் கொடுத்தார். மூடிப் பக்கம் நான் போகவே இல்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்திலும் ஒரு பக்கத்தை விட்டதில்லை. நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்தேன். வெட்கத்தால் கற்றது என்று யாருக்கும் சொல்லவில்லை. மாடசாமி என்னிடம் முன்போலவேதான் பேசினார், சிரித்தார், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. என் பணி நிறைவு விழாவில் அந்தச் சான்றிதழை மைக்கில் வாசித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கை தட்டினார்.

சுகன்யா கேட்டதற்காக இதை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன் பஸ் ஏறிப் பனவடலிசத்திரம் போனேன். மாடசாமிக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாள்களை நீட்டினேன்.

"கண்ணாடி உள்ள கெடக்கு. நீயே வாசி தங்கச்சி" என்றார்.

வாசித்தேன். சந்தனக் கிண்ணம் வந்தபோது சிரித்தார். சோடா சத்தம் வந்தபோதும் சிரித்தார். விசாரணை வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டப் பார்த்தேன்.

"ஒரு பக்கம் விட்டுப் போச்சுபோல. நிதானமா வாசி" என்றார்.

நிதானமாக வாசித்தேன். முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்தானே அண்ணே? நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்லச் சொல்லுத? சாமிக்கு வச்ச பொட்டு மேல டிரைவர் பழியப் போடுதாம்பானுவ. நம்புவானா எவனும்?" கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லல. ரெண்டு வருசம் உன்மேல ஆத்திரமாத்தான் இருந்துச்சு. பெர்மனெண்டு ஆன அன்னைக்கு விட்டுட்டேன்."

பிறகு அந்தத் தாள்களைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு விட்டுப் போச்சு, அதையும் எழுது. அந்த மூணு வாரமும் நாளைக்கு ஆறேழு தடவ மூடியத் தெறந்தேன்லா? ஒவ்வொரு தடவையும் ஓரத்தப் பிடிச்சுத்தான் தெறந்தேன். நீ அம்புட்டு அழகா வச்சிருந்த. என் கை பட்டு அழிஞ்சிரக் கூடாதுன்னு பாத்தேன்."